சுருதியை இறக்கும் பெட்டியும் யாழ்ப்பாணமும்

நாதஸ்வரத்தில் திமிரி, பாரி என இரண்டு வகை உண்டென்பதை யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. திமிரி குறுகியது, அதன் சுருதி உயர்ந்தது. பாரி நீண்டது, அதன் சுருதி தாழ்ந்தது. கோயில் வீதியில் ஒரு காலத்தில் கேட்டது திமிரியின் நாதம். இன்று கேட்பது பெரும்பாலும் பாரியின் நாதம். இந்த மாற்றம் நிகழ ஒரு தலைமுறைக் காலம் பிடித்தது. அதற்கு ஆசாரிமார், வித்துவான்கள், தவில்காரர்கள் ஆகிய மூன்று சாராரும் உழைக்க வேண்டியிருந்தது.

இன்று அதே வேலையைச் செய்வதாகச் சொல்லிக்கொண்டு ஒரு சிறு பெட்டி சந்தைக்கு வந்திருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும். காலால் மிதித்தால் வாத்தியத்தின் சுருதி இறங்கும். மீண்டும் மிதித்தால் பழைய நிலைக்கு வரும். கிற்றார் வாசிப்போர் இதனைப் ‘பெடல்’ என்கின்றனர். குடாநாட்டில் இசைக்குழு ஒன்றில் பேஸ் கிற்றார் வாசிக்கும் இளைஞர் ஒருவர், கடையில் நாலைந்து வகையைக் காட்டுகிறார்கள், எதை வாங்குவது நல்லது ஐயா என்று அண்மையில் எனக்கு எழுதியிருந்தார். தம்முடைய குழுவில் கீபோர்ட் வாசிப்பவரே இடது கையால் பேஸையும் வாசித்துவிடலாம் என்றும், தனியாக ஓர் ஆளுக்கு ஏன் சம்பளம் என்றும் பேச்சு எழுந்திருப்பதாகவும் குறிப்பிட்டிருந்தார். சேமித்து வைத்திருக்கும் பணம் ஒரு பெட்டிக்குத்தான் போதும். பிழையானதை வாங்கினால் இரண்டாவது வாங்க வழியில்லை.

நான் வாத்தியக் கடைக்காரன் அல்லன். பத்திரிகைத் தொழிலில் நரைத்தவன். ஆகவே கேள்விக்கான விடையை எனக்குத் தெரிந்த வழியில், அதாவது வரலாற்றின் வழியில், தேட முற்பட்டேன். தேடியதில் ஓர் உண்மை தெளிவாயிற்று. சுருதியைக் கீழே இறக்குவது எக்காலத்திலும் இலவசமாக நடந்ததில்லை. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு விலை கொடுக்கப்பட்டிருக்கிறது. எந்த விலையை எங்கே கொடுக்கிறோம் என்று அறிந்தவர், எதை வாங்குவது என்பதையும் அறிந்துகொள்வார்.

மரமும் மூச்சும்

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை 1898இல் பிறந்து 1956இல் மறைந்தவர். அவருக்கு முந்திய தலைமுறையில் நாதஸ்வரம் நான்கு, ஐந்து கட்டைச் சுருதியில் ஒலித்தது. ராக ஆலாபனையை வாய்ப்பாட்டுக்காரர்போல விரித்து வாசிக்க விரும்பிய அவர், தாழ்ந்த சுருதியை நாடினார். இரண்டு, இரண்டரைக் கட்டைச் சுருதியில் ஒலிக்கும் பாரி நாதஸ்வரம் அவரால் செல்வாக்குப் பெற்றது. கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில் ரங்கநாதன் ஆசாரி, அளவுகளைத் திரும்பத் திரும்ப மாற்றிப் பார்த்து, சுத்த மத்திமம் துல்லியமாகப் பேசும் பாரியை உருவாக்கினார். அந்த ஊரின் நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, உண்மையில் கௌரவிக்கப்பட்டது இந்தக் கைவேலைதான்.

இங்கே கொடுக்கப்பட்ட விலை என்ன? முதலாவது மரம். குழலினுள் உள்ள காற்றுத்தம்பம் நீண்டால்தான் சுருதி இறங்கும். ஆகவே ஆச்சா மரம் நீள வேண்டியிருந்தது. துளைகளின் இடைவெளி அகன்றது. விரல்கள் புதிய இடங்களைப் பழக வேண்டியிருந்தது. இரண்டாவது மூச்சு. நீண்ட குழலை நிரப்ப அதிக மூச்சு வேண்டும். மூன்றாவது தூரம். திமிரியின் கூர்மையான நாதம் ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் வெகுதூரத்துக்குக் கேட்டது. பாரியின் கம்பீரத்துக்கு அந்த எட்டும் தன்மை குறைவு. மைக்கும் ஒலிபெருக்கியும் கோயில் வீதிக்கு வந்தபின் அந்தக் குறை மறைந்தது.

அளவெட்டியும் இணுவிலும் மேளத்துக்குப் பேர்போன ஊர்கள். தமிழகத்து வித்துவான்கள் திருவிழாக்களுக்கு இங்கு வந்து வாசித்தார்கள். இங்குள்ளவர்கள் அங்கு சென்று வாசித்தார்கள். யாழ்ப்பாணம் வி. தெட்சணாமூர்த்தி (1933–1975) தமிழகத்தின் முன்னணி நாதஸ்வர வித்துவான்களுக்குத் தவில் வாசித்துப் பெயர் பெற்றவர். அளவெட்டி என்.கே. பத்மநாதனின் நாதஸ்வரம் நல்லூர்க் கந்தன் வீதியில் பல ஆண்டுகள் ஒலித்தது. இவர்கள் காலத்துக் காதுகள் இரண்டு, இரண்டரைக் கட்டைக்குப் பழகிவிட்டன. இந்த எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பேஸ் கிற்றாரின் சிக்கல் சரியாக இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

பேஸ் வந்த வழி

மின்சார பேஸ் கிற்றார் அமெரிக்காவில் லியோ ஃபென்டரின் பட்டறையிலிருந்து 1951இல் சந்தைக்கு வந்தது. அதற்கு முன்னர் அடிச்சுருதியைத் தாங்கியது ஆள் உயரத்துக்கும் மேலான டபிள் பேஸ். அதை லொறியில் ஏற்றித்தான் கொண்டுசெல்ல வேண்டும். ஃபென்டரின் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் போகலாம். தந்தியின் நீளம் 34 அங்குலம்.

1960களின் நடுப்பகுதியில் கொழும்பிலும் தென்னிலங்கையிலும் மின்சாரக் கிற்றார்க் குழுக்கள் எழுந்தன. ஜெற்லைனர்ஸ் ஆங்கிலப் பாடல்களை வாசித்தது. கிளாரன்ஸ் விஜேவர்தனவின் மூன்ஸ்டோன்ஸ் சிங்களப் பாடலுக்குப் புதிய உருக்கொடுத்தது. அதே அலையில் தமிழில் பொப் இசை பிறந்தது. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ பாடலைப் பாடாத பாடசாலைச் சுற்றுலா பஸ் இல்லை எனலாம். ஏ.ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ கடல் கடந்து தமிழகத்துக்கும் போயிற்று. இப்பாடல்களின் உயிர் பைலாத் தாளத்தில் இருக்கிறது. பைலாவின் துள்ளலைக் காலுக்குக் கொண்டுபோவது பேஸ்.

குடாநாட்டில் இவ்வலையைக் கோயில் மேடைக்குக் கொண்டுவந்தவை இன்னிசைக் குழுக்கள். எங்கள் வழக்கில் ‘கோஷ்டி’. அவற்றுள் ‘கண்ணன் கோஷ்டி’யின் பெயரை அறியாதவர் 1970களில் குறைவு. சுவாமி உலா முடிந்து, சனம் மணலில் பாய் விரித்து அமர்ந்தபின், நள்ளிரவு வரை கச்சேரி நடக்கும். ஹார்மோனியம், அக்கோடியன், மண்டலின், தபேலா, பொங்கோ எனத் தொடங்கிய வரிசையில் மின்சாரக் கிற்றாரும் பேஸும் பின்னர் சேர்ந்தன.

1976இல் ‘அன்னக்கிளி’ வெளிவந்தது. அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் இளையராஜா பேஸுக்குக் கொடுத்த இடத்தை, அதற்கு முந்திய தமிழ்த் திரையிசையில் காண்பது அரிது. தாளத்துக்குத் துணையாக ஒற்றை ஸ்வரத்தை இடித்துக்கொண்டிருந்த வாத்தியம், பாடலுக்குக் கீழே இன்னொரு பாடலாக நடக்கத் தொடங்கியது. வின்சரிலும் ராணியிலும் மனோகராவிலும் படம் பார்த்துவிட்டு வந்த இளைஞர்கள் மெட்டை மட்டும் முணுமுணுக்கவில்லை. பேஸையும் வாயால் வாசித்துக்கொண்டு வந்தார்கள். அந்நாள் தொட்டு, பேஸ் இல்லாத கோஷ்டி பாதிக் கோஷ்டியாகவே கருதப்பட்டது.

இனிச் சிக்கலுக்கு வருவோம். நான்கு தந்திப் பேஸின் மிகத் தடித்த தந்தி ‘ஈ’. நம் கணக்கில் மூன்று கட்டை. செக்கனுக்கு 41.2 தடவை அது அதிர்கிறது. அதற்குக் கீழே அந்த வாத்தியத்தில் ஒன்றும் இல்லை. நாதஸ்வரமோ இரண்டு கட்டையில் நிற்கிறது. மேற்கத்திய முறையில் ‘டி’. அந்தச் சுருதியின் அடி ஆதாரமான சட்ஜம் செக்கனுக்கு 36.7 அதிர்வு. அது பேஸில் இல்லை! அடுத்த தந்தியில் ஐந்தாம் கட்டில் விரலை வைத்தால் ‘டி’ கிடைக்கும். ஆனால் அது ஒரு ஸ்தாயி மேலே, 73.4 அதிர்வில் இருக்கிறது. இரண்டே சுரத்தால் நிலம் தவறிப்போகிறது. நாதஸ்வரத்தோடும் தவிலோடும் கிற்றாரைச் சேர்த்து வாசிக்கும் கலவைக் கச்சேரிகள் பெருகிவரும் இக்காலத்தில், பேஸ்காரர் இந்தப் பள்ளத்தில் அடிக்கடி விழுகிறார்.

சைக்கிள் மிதித்த சுருதி

சுருதியை மாற்றும் பெடல் யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல என்று நான் சொன்னால் இளைய வாசகர்கள் நம்பமாட்டார்கள். மூத்தவர்களுக்கு உடனே விளங்கும். அது சைக்கிளின் பெடல்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லாமல் போயிற்று. பொருளாதாரத் தடையில் எரிபொருளோடு பற்றறியும் அடங்கியிருந்தது. ஜாம் போத்தலில் சொட்டு மண்ணெண்ணெய் விட்டு விளக்கெரித்தோம். பத்திரிகைகள் கிடைத்த தாளில் எல்லாம் அச்சாகின. செய்தி கேட்பதற்கு ஒரே வழி, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, கையாலோ காலாலோ பெடலைச் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தை வானொலிக்குக் கொடுப்பது. ஒருவர் மிதிக்க ஒழுங்கையே கூடியிருந்து செய்தி கேட்டது. செய்தி முடிந்தபின் மிதிப்பவருக்குத் தெம்பிருந்தால் ஒரு கசெற் போடுவார்கள்.

அப்போது நான் கவனித்த ஒன்று இன்றைக்கும் பயன்படுகிறது. மிதிப்பவர் களைத்தால், வானொலியின் ஒலி மங்கும். ஆனால் பாடகரின் சுருதி மாறாது. கசெற்றில் அப்படியல்ல. நாடாவை இழுக்கும் மோட்டார் தளரும். பாட்டு மெதுவாகும், அத்துடன் சுருதியும் இறங்கும். இனிய பெண்குரல் தடித்து ஆண்குரலாகும். நாடாவின் வேகம் நூற்றுக்கு ஆறு வீதம் குறைந்தால் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை இறங்கிவிடும். புதியவர் வந்து மிதிக்கத் தொடங்கியதும் பாட்டு விசையோடு மேலே ஏறும். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

சிரிப்புக்கிடையில் ஒலியியலின் அடிப்படை விதி ஒன்று அங்கே வெளிப்பட்டது. பதிவு செய்த ஒலியில் வேகமும் சுருதியும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை. ஒன்றை இழுத்தால் மற்றதும் வரும். பாட்டின் காலப்பிரமாணம் மாறாமல் சுருதியை மட்டும் இறக்க வேண்டுமானால் அந்தக் கயிற்றை அறுக்க வேண்டும். உலகத்துப் பொறியியலாளர்கள் பல ஆண்டுகளாக அறுக்க முயன்றது இந்தக் கயிற்றைத்தான்.

1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி இடம்பெயர்ந்தது. அந்த இரவில் எத்தனை வாத்தியங்கள் வீடுகளில் விடப்பட்டன என்பதற்குக் கணக்கில்லை. உயிரையும் பிள்ளையையும் சுமந்தவர்கள் அம்ப்ளிஃபயரைச் சுமக்க முடியாது. குடாநாடு 2013இல்தான் தேசிய மின்கட்டமைப்போடு மீண்டும் இணைந்தது. ஒரு தலைமுறை மின்சார வாத்தியக்காரர்கள் மின்சாரம் இல்லாமலே வளர்ந்தார்கள் என்பதை, இன்று கடையில் நாலைந்து பெட்டிகளை வரிசையாக வைத்துப் பார்க்கும் இளைஞர்கள் அறிந்திருத்தல் நன்று.

கயிற்றை அறுத்தவர்கள்

1975இல் அமெரிக்காவின் ஈவென்ரைட் நிறுவனம் எச்910 என்ற கருவியை வெளியிட்டது. எண்முறையில் சுருதியை மாற்றும் கருவிகளில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது இதுவே. உள்ளே வரும் ஒலியை எண்களாக நினைவகத்தில் எழுதும். எழுதிய வேகத்தைவிட மெதுவாக வாசித்தால் சுருதி இறங்கும். மெதுவாக வாசித்தால் பின்தங்கிவிடுமே என்று வாசகர்கள் கேட்கலாம். பின்தங்கும்போது சில துண்டுகளைத் தாண்டிக் குதித்து முன்னே வந்துவிடும். குதித்த இடம் காதுக்குத் தெரியாதபடி ஒரு துண்டின் நுனியை அடுத்த துண்டின் தொடக்கத்தோடு குழைத்து ஒட்டும். ஒட்டு நன்றாக இருந்தால் பாட்டு, பிசகினால் தடுமாற்றம். இன்றைய சிறு பெட்டிகள் செய்வதும் அடிப்படையில் இதுவே. ஒட்டும் கலை மட்டும் வெகுவாக முன்னேறியிருக்கிறது.

இதற்கு வேறான எளிய வழியும் ஒன்றிருந்தது. ஜப்பானின் பொஸ் நிறுவனம் 1982இல் ஓ.சி.-2 என்ற பெடலை வெளியிட்டது. அதில் நினைவகம் இல்லை. எண்ணும் சுற்று இருந்தது. தந்தியின் அலை இருமுறை எழுந்தால் இது ஒருமுறை எழும். அதிர்வு பாதியானால் சுருதி சரியாக ஒரு ஸ்தாயி இறங்கும். ஒரே நேரத்தில் ஒரு சுரத்தைத்தான் எண்ண முடியும். இரண்டு தந்திகள் ஒன்றாக ஒலித்தால் குழம்பிவிடும். அரைக் கட்டை, ஒரு கட்டை என்று நுணுக்கமாக இறக்கவும் தெரியாது. ஆனால் பேஸ்காரர்கள் இதை விடவில்லை. 2003இல் இதன் தயாரிப்பு நின்றபின்னும் தேடித்தேடி வாங்கினார்கள். 2020இல் அதே நிறுவனம் ஓ.சி.-5 என்ற பெட்டியைக் கொண்டுவந்தபோது, பழைய ஓ.சி.-2இன் ஒலியையும் அதனுள் வைத்தே விற்றது.

1980களின் இறுதியில் டிஜிடெக் நிறுவனத்தின் வமி பெடல் வந்தது. கால் பாதத்தைச் சாய்த்தால் சுருதி வழுக்கிக்கொண்டு ஏறும், இறங்கும். பின்னர் இந்த வித்தைகள் எல்லாம் சுருங்கிச் சுருங்கித் தீப்பெட்டிகள் நாலைந்தை அடுக்கிய அளவுப் பெட்டிக்குள் வந்தன. டிஜிடெக்கின் டிரொப், எலெக்ரோ-ஹார்மோனிக்ஸின் பிச் ஃபோர்க், மைக்ரோ பொக், டிசி எலெக்ரோனிக்கின் சப் அன் அப் எனக் கடைக்காரர் சொல்லும் பெயர்கள் இந்த வம்சத்தைச் சேர்ந்தவை.

காலம் என்னும் விலை

பாரிக்கு மரம் விலையாயிற்று. இந்தப் பெட்டிக்கு விலை காலம்.

ஒரு சுரம் எது என்று கருவி அறிய வேண்டுமானால், அந்த அலை குறைந்தது ஒருமுறையாவது முழுமையாக எழுந்து விழ வேண்டும். திறந்த ‘ஈ’ தந்தி செக்கனுக்கு 41 தடவை அதிர்கிறது. ஆகவே ஓர் அலை முழுமையடைய ஒரு செக்கனின் ஆயிரத்தில் 24 பங்கு ஆகும். மேலேயுள்ள ‘ஜி’ தந்தியில் அது ஆயிரத்தில் 10 பங்குதான். சுரம் தாழத் தாழ, அதை அறிய அதிக நேரம் வேண்டும். இது எந்த நிறுவனத்தின் குறையும் அல்ல. இயற்கையின் கணக்கு. கெட்டிக்காரப் பொறியியலாளர் இதைக் குறைத்துக் காட்டலாம். முற்றாக ஒழிக்க முடியாது.

ஆயிரத்தில் 24 பங்கு என்றால் எவ்வளவு? அந்த நேரத்தில் ஒலி காற்றில் ஏறத்தாழ 8 மீற்றர் பயணம் செய்யும். அதாவது, உங்கள் பேஸ் உங்கள் காலடியில் இல்லாமல் 8 மீற்றருக்கு அப்பால் இருந்து கேட்பதுபோல. மெதுவான பாடலுக்கு இது பொருட்டல்ல. தவில் துரித காலத்தில் போகும்போது பொருட்டு. தவிலின் அடி ஊசிமுனை போன்றது. பேஸ் அதற்குப் பின்னால் இழுபட்டால், கேட்பவருக்கு என்ன பிழை என்று சொல்லத் தெரியாது. ஏதோ கனக்கிறது என்று மட்டும் தெரியும்.

ஆனால் இந்தக் கணக்கிலேயே ஒரு வழியும் இருக்கிறது. அடி ‘டி’ வேண்டுமானால், பெட்டியைக் கொண்டு ‘ஈ’ தந்தியைக் கீழே தள்ளாமல், அடுத்த தந்தியின் ஐந்தாம் கட்டில் உள்ள ‘டி’யை வாசித்து, அதை ஒரு ஸ்தாயி இறக்க வேண்டும். அந்த அலை ஆயிரத்தில் 14 பங்குக்குள் முழுமையடைகிறது. கருவி விரைவாக அறிகிறது, தடுமாறாமல் இறக்குகிறது. 73.4 பாதியாகி 36.7 ஆகிறது. நாதஸ்வரத்தின் இரண்டு கட்டைக்கு நிலம் கிடைத்துவிடுகிறது. மேலே வாசித்துக் கீழே கேட்பது: இதுவே இந்தப் பெட்டிகளைப் பயன்படுத்தும் முறை.

எதை வாங்குவது

இனிக் கேள்விக்கு நேராக வருகிறேன்.

வாங்குவதற்கு முன், வாங்காமல் முடியுமா என்று பார்க்க வேண்டும். கச்சேரி முழுவதும் இரண்டு கட்டைதான் என்றால், ‘ஈ’ தந்தியை முறுக்காணியால் தளர்த்தி ‘டி’யில் நிறுத்தினால் போதும். செலவில்லை, தாமதமில்லை. தந்தி சற்றுத் தொய்யும். தடித்த தந்தியாக மாற்றினால் அதுவும் சரியாகும். பாடகர் அரைக் கட்டை இறக்கச் சொன்னால் விரலை இடம் மாற்றி வாசிப்பதே முறை. கீபோர்ட்காரருக்கு ஒரு பொத்தான் இருக்கிறது. பேஸ்காரருக்கு விரல் இருக்கிறது. அந்தப் பயிற்சிக்குப் பதிலாகப் பெட்டியை வாங்குபவர், பெட்டி பழுதான இரவில் மேடையில் ஊமையாவார். ஐந்து தந்திப் பேஸ் வாங்க வசதியுள்ளவருக்கு ‘பி’ வரை, செக்கனுக்கு 31 அதிர்வு வரை, தந்தியிலேயே கிடைக்கும். அங்கே விலை காலமல்ல, பாரியைப்போல மரமும் விரலும்தான்.

இவற்றுக்குப் பின்னும் பெட்டி வேண்டும் என்றால், நான் பார்க்கச் சொல்வன இவை. முதலாவது, இறக்கிய ஒலியோடு தந்தியின் சொந்த ஒலியையும் தனித் திருகால் கலக்க முடிய வேண்டும். சொந்த ஒலிக்குத் தாமதம் இல்லை. தவிலோடு அது நேரத்துக்குப் போய்ச் சேரும். இறக்கிய ஒலி அதன் நிழலாகப் பின்னே வந்து கனத்தைத் தரும். கலக்க வழியில்லாத பெட்டி எவ்வளவு புகழ்பெற்றதாயினும் எங்கள் மேடைக்கு உதவாது.

இரண்டாவது, மின்சாரம். பழைய எண்ணும் சுற்றுப் பெட்டிகள் 9 வோல்ற்று பற்றறியில் நெடுநேரம் ஓடும். எண்முறைப் பெட்டிகள் அதைவிடப் பல மடங்கு மின்னை உண்ணும்; அவற்றில் சிலவற்றுக்குப் பற்றறி வைக்கும் இடமே இல்லை. கோயில் வீதியில் மின்பிறப்பாக்கியில் ஓடும் மேடையில், மலிவான அடப்ரர் இரைச்சலைக் கொண்டுவந்து பேஸின் அடியில் ஊற்றும். 2022 மார்ச்சில் நாடு முழுவதும் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீடித்ததை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். ஆகவே பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சிட்டையைப் படியுங்கள். பற்றறி ஏற்குமா, எத்தனை மில்லி அம்பியர் கேட்கிறது என்று பாருங்கள். பற்றறிக்கு ஏங்கிய ஊர் இது. பற்றறியில் ஓடும் பெட்டியை இங்கே குறைத்து மதிப்பிடக் கூடாது.

மூன்றாவது, ஒலிபெருக்கி. மரக்கிளையில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில் 36 அதிர்வு வெளியே வராது. பெரிய பெட்டி ஒலிபெருக்கி இல்லாத மேடையில் இந்தப் பெடலுக்கு வேலையில்லை. உங்கள் குழு வாடகைக்கு எடுக்கும் ஒலிபெருக்கி எது என்று தெரிந்துகொண்டபின் கடைக்குப் போங்கள்.

கடையில் சோதிப்பது எளிது. சொந்தப் பேஸைக் கொண்டுபோக வேண்டும். அடுத்த தந்தியின் ஐந்தாம் கட்டு ‘டி’யை மெதுவாகவும் பின்னர் துரிதமாகவும் வாசித்து, இறங்கிய ஒலி கொழகொழக்கிறதா என்று கேட்க வேண்டும். அங்கிருந்து ஒவ்வொரு கட்டாகக் கீழே வந்து, எந்தச் சுரத்தில் கருவி தடுமாறத் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒரு கமகம். எங்கள் இசையில் சுரம் ஆடும். தந்தியை இழுத்து அசைக்கும்போது இறங்கிய ஒலியும் ஒழுக்காக அசைந்தால் நல்லது. துள்ளித் துள்ளி விழுந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

இந்தச் சோதனைகளின்படி பார்த்தால், நாதஸ்வரத்தோடு வாசிப்பவருக்கு ஒரு ஸ்தாயியை மட்டும் இறக்கி, சொந்த ஒலியைக் கலந்து தரும் எளிய பெட்டி போதும் என்பது என் கருத்து. ஏழு சுரமும் இறக்கி, மூன்று ஸ்தாயி ஏற்றி, வழுக்கி விளையாடும் பெட்டிகள் வேறு வகை இசைக்கு உரியவை. அவற்றின் பொத்தான்களுக்குப் பணம் கொடுத்துவிட்டு ஒன்றையே மிதித்துக்கொண்டிருப்பது வீண்.

பேஸ்காரரின் கதிரையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கீபோர்ட்காரரின் இடது கை எந்தச் சுரத்தையும் எந்தச் சுருதியிலும் வாசிக்கும். பெட்டி வாங்கியதனால் மட்டும் அந்தக் கையை வெல்ல முடியாது. ராஜரத்தினம் பிள்ளை சுருதியை இறக்கியது இறக்க முடிந்தது என்பதற்காக அல்ல. இறக்கினால்தான் ராகம் பாடும் என்பதற்காக. விரலுக்குக் கீழே அசையும் தந்தியும், தவிலின் அடியைப் பார்த்துக்கொண்டு தட்டும் விரலும் சேர்ந்து தருவதைப் பொத்தான் தருவதில்லை. பாரியோடு சேர்ந்து இரண்டு கட்டையில் அடிச் சட்ஜத்தைப் பேஸ் தொடும்போது சனத்தின் நெஞ்சுக்கூடு அதிரும். அந்த அதிர்வைக் கேட்ட அமைப்பாளர், தனி ஆள் எதற்கு என்ற கேள்வியை அடுத்த திருவிழாவில் கேட்கமாட்டார்.